ஒன்பது மில்லிமீட்டர்

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். மாமியார் இருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. மூத்த மகனின் மனைவி பெரியவள், இளைய மகனின் மனைவி சின்னவள், அவ்வளவுதான். அக்கம்பக்கத்திலும் அதுவே நிலைத்துப்போயிற்று. பெரியவள் குடும்பம் கீழே, சின்னவளும் புருஷனும் மாடியில். அடுப்பு மட்டும் ஒன்று.

பெரியவளுக்கு முப்பத்தொன்பது வயது. ஆஸ்பத்திரிக் கட்டிலும் ஸ்ட்ரெச்சரும் செய்கிற ஒரு கம்பெனியில் பதினான்கு வருடமாக டிராயிங் போடுகிறவள். கம்ப்யூட்டரில் கோடு இழுத்து, முன்பக்கம் ஒன்று, மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று மூன்று படமாகப் போட்டு அளவு எழுதித் தருவாள். அவள் தந்த தாளை வைத்துக்கொண்டு சந்தேகம் கேட்க எந்த வெல்டரும் மாடிப்படி ஏறி வந்ததில்லை. அதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள், ஆனால் உண்டு.

சின்னவளை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதும் அவள்தான். கல்யாணமாகி வந்து மூன்று மாதம் இருக்கும். "டிப்ளமோ படிச்சிட்டு எத்தனை நாள்தான் வெங்காயம் நறுக்கிட்டு உட்காந்திருப்ப? எங்க மேனேஜர்கிட்ட நான் பேசறேன்" என்று சொல்லி, அடுத்த வாரமே கையோடு கூட்டிப்போனாள். ஒரே ஸ்கூட்டரில் போனார்கள், வந்தார்கள். சின்னவள் பின்னால் உட்கார்ந்து இரண்டு சாப்பாட்டுப் பையையும் மடியில் வைத்துக்கொண்டு வழிநெடுக வாய் ஓயாமல் பேசுவாள். பெரியவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. இரண்டு வருடம் அப்படிப் போயிற்று.

அப்புறம் கம்பெனி புது சாஃப்ட்வேர் வாங்கியது.

மேனேஜர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். "இனிமே கோடு போடற கதை வேண்டாம். கட்டிலையே கம்ப்யூட்டருக்குள்ள செஞ்சுடலாம். சுத்திப் பாக்கலாம், மடக்கிப் பாக்கலாம், எடை எவ்வளவுன்னு கூட அதுவே சொல்லும். ஆறு வாரம் ட்ரெயினிங், தினமும் காலையில அரை நாள். முடிஞ்சதும் டிசைனுக்குன்னு தனி செக்‌ஷன் ஆரம்பிக்கப் போறோம். உங்கள்ல ஒருத்தர் அதுக்குப் பொறுப்பு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சிரித்தார். "ரெண்டு பேரும் ஒரே வீடு. சண்டை கிண்டை போட்டுக்காதீங்கம்மா."

பெரியவளும் சிரித்தாள். பொறுப்பு யாருக்கு என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

பயிற்சி கொடுக்க வந்தவன் முப்பதைத் தாண்டாதவன், எப்போது பார்த்தாலும் சூயிங்கம் மென்றுகொண்டிருந்தான். முதல் நாள் ஒரு சதுரம் வரையச் சொன்னான், அதை இழுத்துப் பெட்டியாக்கச் சொன்னான், பெட்டியில் ஓட்டை போடச் சொன்னான். பெரியவள் செய்தாள். "இப்ப முதல்ல போட்டீங்களே சதுரம், அதோட அகலத்தை மாத்துங்க" என்றான். மாற்றினாள். பெட்டி பாதி காணாமல் போய், திரையின் இடது ஓரத்தில், அதுவரை செய்ததையெல்லாம் காட்டுகிற பட்டியல் முழுக்கச் சிவப்பானது.

"என்னாச்சு?"

"நீங்க ஓட்டையை ஓரத்துலேர்ந்து அளந்து வெச்சிருக்கீங்க. நடுவுல கட்டி வெச்சிருந்தா கூடவே நகர்ந்திருக்கும். இதுல ஒவ்வொண்ணும் முன்னாடி செஞ்சதைப் பிடிச்சுட்டுதான் நிக்கும். எது எதைப் பிடிச்சு நிக்கணும்னு நீங்கதான் யோசிச்சு வைக்கணும்."

பக்கத்து இருக்கையில் சின்னவள் அகலத்தை மாற்றினாள். பெட்டி அகன்றது, ஓட்டை நடுவிலேயே நின்றது. "ஐயோ, அழகா இருக்குல்லக்கா!" என்று கைதட்டினாள். பெரியவளுக்கு முதன்முதலாகச் சுருக்கென்றது.

அன்று தொடங்கியதுதான். பதினான்கு வருடம் பழகிய கை கோடுகளையே தேடியது. ஒரு குழாயை வளைக்க வேண்டுமென்றால் பெரியவள் மனதில் மூன்று படம் தோன்றும். அந்த மூன்றையும் மறந்துவிட்டு, எதிலிருந்து தொடங்கினால் பின்னால் உடையாது என்று யோசிப்பதற்குள் சின்னவள் முடித்துவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பாள். இரண்டாம் வாரத்தில் பயிற்சியாளன் சந்தேகங்களுக்குச் சின்னவளைக் கைகாட்ட ஆரம்பித்தான். "அவங்க செஞ்சதைப் பாருங்க மேடம், அதே மாதிரி பண்ணுங்க." சின்னவள் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து, "இதோ இங்கக்கா, இந்த ரெண்டு முகத்தையும் தொட்டு 'மேட்' கொடுத்தா ஒட்டிக்கும்" என்று சொல்லிக்கொடுப்பாள். குரலில் துளி கர்வம் கிடையாது. இருந்திருந்தால் பெரியவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், நன்றாகத் திட்டித் தீர்த்திருக்கலாம்.

வீட்டிலும் நிம்மதியில்லை. மாமியார், குளியலறையில் உட்கார ஒரு ஸ்டூல் வேண்டுமென்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சின்னவள் அவள் உயரத்தை அளந்துபோய் ஒரு ஸ்டூலை மாடல் செய்து, போனில் கொண்டுவந்து காட்டினாள். விரலால் தள்ளினால் ஸ்டூல் சுற்றியது. மாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் அதைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். "பெரியவளே, இங்க பாரு, உட்கார்றதுக்கு முன்னாடியே தலை சுத்துது" என்று சொல்லிச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

ஆனால் அவளை உண்மையில் வெட்டியது மகளின் சொல். மகளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்குப் பாலத்தின் மாதிரி ஒன்று செய்து கொண்டுபோக வேண்டியிருந்தது. முன்பெல்லாம் இதற்கு அம்மாவிடம்தான் வருவாள். இப்போது நேரே மாடிக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க மேலேயிருந்து சிரிப்புச் சத்தம். கீழே இறங்கி வந்தவளிடம் பெரியவள், "என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?" என்றாள்.

"சித்தி திரீடியில பண்ணித் தந்தாங்கம்மா. நீ இன்னும் கோடுதானே போடற?"

குழந்தை அதை வேண்டுமென்று சொல்லவில்லை. அதனாலேயே அன்று முழுக்க அது பெரியவளை விடவில்லை.

ஆறு வாரம் முடிகிற தறுவாயில் மேனேஜர் ஒரு வேலை கொடுத்தார். ஆஸ்பத்திரி ஒன்று புதுமாதிரிக் கட்டில் கேட்டிருந்தது. படுத்திருப்பவர் விழாமல் இருக்க இரண்டு பக்கமும் தடுப்புக் கம்பி, கைப்பிடியைப் பிடித்து அழுத்தினால் அது கீழே மடங்கி இறங்கவேண்டும். "ரெண்டு பேரும் தனித்தனியா செய்யுங்க. நல்லா இருக்கறதை மாதிரிக் கட்டிலுக்கு எடுத்துக்கலாம்" என்றார்.

பெரியவளின் கட்டில் பாதியில் நின்றது. தடுப்புக் கம்பியைச் சேர்த்தபோதெல்லாம் எங்கேயோ ஒன்று சிவப்பானது. சின்னவள் நான்காம் நாளே முடித்துவிட்டாள். திரையில் அவள் கட்டில் வெல்வெட்டைப் போல இயங்கியது. கம்பி இறங்கியது, ஏறியது. எந்தப் பாகமும் எந்தப் பாகத்தையும் இடிக்கவில்லை என்று சாஃப்ட்வேரே சோதித்துச் சொன்னது. பயிற்சியாளன் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம், பெரியவள் தன் மேசையிலிருந்தே சின்னவளின் ஃபைலைத் திறந்தாள். பொதுவான ஃபோல்டர், யார் வேண்டுமானாலும் திறக்கலாம். எதற்குத் திறந்தோம் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். குறை தேடத்தான். குழாய்களைப் பார்த்தாள், வெல்டு வருகிற இடங்களைப் பார்த்தாள். சரியாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியை இறக்கிப் பார்த்தாள்.

அப்போது கண்ணில் பட்டது. கம்பி முழுவதும் இறங்கி நிற்கும்போது கைப்பிடி கட்டிலின் சட்டத்தை ஒட்டிப் போய் நின்றது. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போட்டு அளவு வைத்தாள். ஒன்பது மில்லிமீட்டர்.

இரும்புக்கு இரும்பு இடிக்காது, அதனால் சாஃப்ட்வேருக்கு எந்தப் புகாரும் இல்லை. ஆனால் கைப்பிடியைப் பிடித்திருக்கிற கை எங்கே போகும்? எந்த மனிதருடைய விரல் ஒன்பது மில்லிமீட்டருக்குள் அடங்கும்? பெரியவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஸ்ட்ரெச்சரில் இதே தப்பைச் செய்து, பட்டறையில் ஒரு ஃபிட்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அதிலிருந்து பிடி என்று ஒன்று இருந்தால் சுற்றிலும் விரலுக்கு இடம் விடாமல் அவள் கை கோடு போட்டதில்லை. அதை எந்தப் புத்தகத்திலும் யாரும் எழுதி வைக்கவில்லை.

முதலில் வந்தது சந்தோஷம். வெட்கங்கெட்ட சந்தோஷம். 'இவ்வளவு கெட்டிக்காரிக்கு இது தெரியல.' அடுத்தாற்போல், சொல்லிவிடவேண்டும் என்று தோன்றத்தான் செய்தது. சாப்பாட்டு அறைக்குப் போகிற வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று வார்த்தையைக் கூடத் தேடினாள். அங்கே சின்னவள் கம்பெனியின் பாதிப் பேருக்கு நடுவில் உட்கார்ந்து கட்டிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெரியவளைப் பார்த்ததும், "அக்கா, உங்களுக்கு இடம் பிடிச்சு வெச்சிருக்கேன்" என்று நகர்ந்தாள்.

பெரியவள் உட்கார்ந்தாள், சாப்பிட்டாள், சொல்லவில்லை.

நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள். மறுநாள் டிராயிங் பட்டறைக்குப் போய்விட்டது. சரி, குழாய் வெட்டுவதற்கு முன் சொல்லலாம். வெட்டிவிட்டார்கள். மாதிரிக் கட்டில் வெல்டாகி, பெயிண்டாகி, பதினோராம் நாள் பட்டறையின் நடுவில் வந்து நின்றது. ஒவ்வொரு நாளும் பெரியவள் ஒரு சாக்கு வைத்திருந்தாள். 'எப்படியும் மாதிரிதானே. அப்போது தெரியவந்தால் மாற்றிக்கொள்வார்கள். மேனேஜருக்கும் அனுபவம் என்றால் என்னவென்று தெரியட்டும்.'

மேனேஜர், இரண்டு ஃபிட்டர்கள், பயிற்சியாளன், இவர்கள் இருவர். கட்டிலைச் சுற்றி நின்றார்கள். சின்னவள் கைப்பிடியில் கை வைத்தாள். பெரியவளுக்கு வாய்வரைக்கும் வந்துவிட்டது. "கையை" என்று ஆரம்பித்தும்விட்டாள். அந்த நேரம் பார்த்து மேனேஜர் சத்தமாக, "பதினாலு வருஷமா நாம இழுத்துட்டிருந்ததை இந்தப் பொண்ணு ஆறே வாரத்துல முடிச்சுட்டா பாருங்க" என்றார். ஆரம்பித்த சொல்லைப் பெரியவள் மென்று முழுங்கிவிட்டாள்.

சின்னவள் அழுத்தினாள். தடுப்புக் கம்பி தன் பாரத்தோடு சரேலென்று இறங்கியது. அவள் கத்தக்கூட இல்லை. "அக்கா" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

கம்பியைத் தூக்கியவள் பெரியவள்தான். நடுவிரலும் மோதிர விரலும் நசுங்கி, ஒரு நகம் பெயர்ந்து, புது வெள்ளைப் பெயிண்டின்மேல் ரத்தம் சொட்டியது. தன் துப்பட்டாவால் கையைச் சுற்றிக் கட்டி, கம்பெனி வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். வழியெல்லாம் சின்னவள் அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். வலியைவிட வேறொன்றுதான் அவளைக் குடைந்தது.

"கைப்பிடின்னு போட்டேனே, கையை நினைக்கலையேக்கா. எப்படிக்கா விட்டேன்?"

"விடும்மா. எல்லாருக்கும் நடக்கறதுதான்."

சொல்லிவிட்டுப் பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். செய்ததைவிட அந்தச் சொல்தான் பின்னால் அவளை அதிகமாக உறுத்தியது.

மோதிர விரலில் எலும்பு விரிசல். மூன்று வாரம் கட்டு. அந்த நாட்களில் பெரியவள் அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கினாள். காலையில் தலை வாரிப் பின்னிவிட்டாள். துணி துவைத்தாள். சாப்பாட்டைப் பிசைந்து ஸ்பூனோடு கொடுத்தாள். "இவளை மாதிரி ஓரகத்தி யாருக்குக் கிடைக்கும்" என்று மாமியார் ஊரெல்லாம் சொன்னாள். அதைக் கேட்கும்போதெல்லாம் பெரியவளுக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. அதிசயம் என்னவென்றால், பொறாமை மட்டும் போகவில்லை. மகள் பள்ளி விட்டு வந்ததும் நேரே மாடியேறி, சித்தியின் கட்டுப் போட்ட கையில் பூப்படம் வரைந்துகொண்டிருந்தாள். பெரியவள் கீழே நின்று அதையும் பார்த்தாள்.

பத்தாம் நாள் சின்னவள் வேலைக்கு வந்துவிட்டாள். வலது கை கட்டோடு, இடது கையில் மவுஸைப் பிடித்துக்கொண்டு கட்டிலைச் சரிசெய்ய உட்கார்ந்தாள். சாயங்காலம் தேநீர் வேளையில் பெரியவள் தனியாக நின்றிருந்தபோது வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். என் ஃபைல்ல கடைசியா ஒரு கோடு இருக்கு. நான் போட்டதில்ல. கைப்பிடிக்கும் சட்டத்துக்கும் நடுவுல. ஒன்பதுன்னு அளவும் இருக்கு."

எதைச் செய்தாலும் உடனே சேமித்துவிடுகிற பழக்கம் பெரியவளுக்கு. அன்று மத்தியானமும் தன்னை அறியாமல் சேமித்திருக்கிறாள்.

"தேதியைப் பாத்தேன். டிராயிங் கீழ போறதுக்கு முந்தின நாள். உங்க கம்ப்யூட்டர்லேர்ந்து." சின்னவள் இன்னும் கிட்டே வந்தாள். "தெரியாம திறந்திருப்பீங்க, எதுக்கோ அளந்திருப்பீங்க, அப்படித்தானேக்கா?"

தப்பித்துக்கொள்ள அவளே வழி திறந்துவிட்டாள். ஆமாம் என்று ஒரு சொல் போதும். பெரியவள் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தாள்.

"இல்ல. பாத்தேன். பாத்துட்டுதான் சொல்லல."

"ஏன்?"

"பொறாமை." அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்வது இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "உன்மேல பொறாமை. ஆறு வாரமா. வேற ஒரு காரணமும் இல்ல."

கத்துவாள் என்று பெரியவள் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"வண்டியில உங்க தோள்ல படுத்துட்டு அழுதேன்" என்றாள் சின்னவள். "எல்லாருக்கும் நடக்கறதுதான்னு சொன்னீங்க." பிறகு, "வீட்டுல நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அத்தைக்குத் தாங்காது. இங்க நீங்களே சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலை பெரியவள் மேனேஜர் அறைக்குப் போய்ச் சொன்னாள். அவர் முதலில் நம்பவில்லை. நம்பியதும் அவர் முகம் சுண்டிவிட்டது. "உங்ககிட்ட நான் இதை எதிர்பாக்கலைம்மா" என்று மூன்று தடவை சொன்னார். வேலையை விட்டு அனுப்பவில்லை. புது செக்‌ஷனின் பொறுப்பு சின்னவளுக்குப் போயிற்று. அது எப்படியும் போயிருக்கும். பெரியவளுக்கு வேறு வேலை கொடுத்தார்: இனி எந்த மாடலும் பட்டறைக்கு இறங்குமுன் அவள் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். "பாத்ததைச் சொல்றதுக்குத்தான் இனிமே உங்களுக்குச் சம்பளம்" என்றார். தண்டனையா மரியாதையா என்று அவள் கேட்கவில்லை.

ஸ்கூட்டரின் பின்சீட் காலியானது. சின்னவள் பஸ்ஸில் போனாள். காலையில் தலை வாரிக்கொள்ளக் கீழே வரவில்லை. ஒற்றைக் கையால் அள்ளி முடிந்துகொண்டு, கோணல்மாணலாக வேலைக்கு வந்தாள். இரண்டு நாள் கழித்துப் பெரியவளின் மகள்தான் மாடிக்குப் போய்ப் பின்னிவிடத் தொடங்கினாள். அடுப்படியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள், உப்பைக் கேட்டார்கள், எண்ணெயைக் கேட்டார்கள். அதற்கு மேல் பேச்சில்லை. மாமியார் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆபீஸை வீட்டுக்குள்ள கொண்டுவராதீங்கடி" என்று மட்டும் சொன்னாள்.

கட்டுப் பிரித்த அடுத்த வாரம், புதுக் கட்டில் பெரியவளின் பார்வைக்கு வந்தது. சின்னவள் மேசையருகே வந்து நின்று, "பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

பெரியவள் திறந்தாள். தடுப்புக் கம்பியை இறக்கினாள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒரு கை இருந்தது. சாம்பல் நிறத்தில், ஐந்து விரலோடு, மொழுமொழுவென்று. சின்னவள் தன் கையையே அளந்து மாடல் செய்து, கட்டிலின் பாகங்களில் ஒன்றாகச் சேர்த்திருந்தாள். இப்போது இரும்பு விரலை இடித்தால் சாஃப்ட்வேரே சொல்லிவிடும். அந்தக் கையை எந்த ஸ்ட்ரெச்சரிலும், எந்த நாற்காலியிலும் வைத்துப் பார்க்கலாம். நாளைக்கு வேலைக்குச் சேருகிற யாரும் வைத்துப் பார்க்கலாம்.

பெரியவளுக்குப் பழைய எரிச்சல் மறுபடி கிளம்பியது. பதினான்கு வருடமாகத் தன் தலைக்குள் மட்டும் இருந்த ஒன்று. தனக்கென்று மிச்சமிருந்ததே அது ஒன்றுதான். அதையும் இவள் எடுத்து, எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டாள். எனக்கு ஏன் இது தோன்றவில்லை? கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம். தப்பென்று சொல்ல எதுவுமில்லை.

ஆனால் கையைப் பார்க்கப் பார்க்க ஒன்று இருக்கத்தான் செய்தது. பேனாவை எடுத்தவள் கீழே வைத்தாள்.

"இது வெறும் கை" என்றாள். "ஆஸ்பத்திரியில கையுறை போட்டுட்டுதான் பிடிப்பாங்க. சில நேரம் ரெண்டு உறை. அதோட உன் கை சின்னது. ஆம்பளை நர்ஸ் கை இதுல மாட்டும். விரல் கனத்தைக் கூட்டு."

சின்னவள் திரையைப் பார்த்தாள். "எவ்வளவு?"

"ஏழு மில்லிமீட்டராவது."

சின்னவள் குனிந்து மவுஸை வாங்கிக்கொண்டாள். அடிபட்ட விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை, நீட்டியபடியே இருந்தது. எண்ணை மாற்றினாள். கை பருத்தது. பட்டியலில் இரண்டு இடம் சிவப்பானது. கைப்பிடியின் வளைவை மாற்றி, சட்டத்தை உள்ளே தள்ளினாள். சிவப்பு போயிற்று. எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பெரியவளுக்கென்றால் ஒரு நாள் ஆகியிருக்கும். அந்த வேகத்தை அவள் பார்த்தாள். எரிந்தது, ஆனாலும் பார்த்தாள்.

"வேற?" என்றாள் சின்னவள்.

"சக்கரத்துக்கிட்ட கொண்டு போ. பிரேக் மிதிக்கற கால் எங்க வரும்னு பாக்கணும்."

சின்னவள் பக்கத்து மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கட்டிலைத் திருப்பி அடிப்பக்கம் காட்டினாள்.